போகிக் குப்பையில என் ஜெரேனியம்

செத்த குச்சின்னு யாரும்மா உனக்குச் சொன்னது?

எதிர்வீட்டு சாவித்திரியத்தான் கேக்கறேன். நோட்டீஸ் போர்டுல எழுதி ஒட்டறேன், நம்ம கம்பெனி குவார்ட்டர்ஸே படிக்கட்டும்.

இன்னிக்கு விடியகாலம் போகிக்குப் பழசெல்லாம் எரிச்சாங்க. என் வாசல்ல இருந்த ஜெரேனியம் பூச்செடித் தொட்டியையும் தூக்கிக் குப்பையோட வெச்சிட்டா மகராசி. தீ வேற புடிச்சாச்சு. கை சுட்டாலும் பரவால்லன்னு இழுத்து வெளிய போட்டேன்.

"எலையே இல்லியே தாத்தா, செத்துப்போச்சுன்னு நெனச்சேன்."

"நான்தாம்மா வெட்டி வுட்டேன். ஓசூர் பனிக்கு அப்படியே வுட்டா அழுகிடும். நகத்தால கீறிப் பாரு."

கீறிப் பார்த்தா. உள்ள பச்சை. மூஞ்சி சுருங்கிப்போச்சு.

சும்மா வுடுவனா? "எனக்குங்கூடத்தான் தலையில ஒரு முடியுமில்ல. அடுத்த போகிக்கு என்னையும் தூக்கிப் போட்டுருவியா?"

"ஐயோ, போங்க தாத்தா!"

"பங்குனியில இதைப் பூக்க வெக்கலைன்னா என் பேரை மாத்திக்கறேன். கேட்டுக்க. தை முடியற வரைக்கும் வாரத்துக்கு ஒரு சொம்பு தண்ணி, காலை வெயிலு, போதும். மாசியில தொழுவுரம். துளிர் வந்ததும் நுனியக் கிள்ளணும். கிள்ளுனத ஒருநாள் காயவெச்சு நட்டா இன்னொரு செடி. அது உனக்குத்தான். ஆனா ஒரு கண்டிஷன்..."

கம்பெனி பஸ் ஹாரன் அடிச்சுது. சோத்து டப்பாவத் தூக்கிட்டு ஓடியே போயிட்டா.

கண்டிஷன் பாதியில நிக்குது. உங்க யாருக்காச்சும் சொல்லட்டுமா, இல்ல நீங்களும் பஸ்ஸுக்குக் கெளம்பிட்டீங்களா?