திரும்பி வந்த மிட்டாய்ப் பெட்டிகள்

அம்மாவும் மாமாவும் சேர்ந்து மிட்டாய் திருடுகிறார்கள் என்று ஒரு சனிக்கிழமை மத்தியானம் முழுக்க நான் நம்பிக்கொண்டிருந்தேன். எனக்கு அப்போது எட்டு வயது இருக்கும். போலீஸ் வந்தால் யாரை முதலில் பிடிப்பார்கள், என்னையும் பிடிப்பார்களா என்பதுதான் அன்று என் கவலை.

அப்பா துபாயில் இருந்தார். அம்மா அறந்தாங்கிக்கு வெளியே ஒரு கடலை மிட்டாய் கம்பெனியில் வேலை பார்த்தாள். எங்கள் தெருப் பெண்களில் பாதிப் பேருக்கு அங்கேதான் வேலை. காலையில் கம்பெனி வேன் வந்து அள்ளிக்கொண்டு போகும், சாயங்காலம் கொண்டுவந்து இறக்கிவிடும். அம்மாவின் தம்பி, என் மாமா, அதே கம்பெனியின் சரக்கை ஒரு குட்டியானை வண்டியில் ஏற்றிப் போய் மீமிசல் வரைக்கும் கடை கடையாகப் போடுவார். முதலாளி நல்ல மனிதர் என்று ஊரே சொல்லும். தீபாவளிக்குப் பெண்களுக்குச் சேலை கொடுப்பார். பிள்ளைகளுக்குப் பை கொடுப்பார். எங்கள் பள்ளிக்கூடத்துக்குத் தண்ணீர்த் தொட்டி கட்டிக் கொடுத்திருந்தார். தொட்டியில் தண்ணீர் இல்லாத நாட்களிலும் கம்பெனியின் பெயர் மட்டும் பளிச்சென்று தெரியும்.

சனிக்கிழமை அரைநாள் வேலை. அன்று அம்மா வேனில் வரவில்லை. வேகாத வெயிலில் நடந்தே வந்தாள். வந்தவள் முகம் கழுவவில்லை, சேலை மாற்றவில்லை. சரக்குப் போட்டுவிட்டுச் சாப்பிட வந்திருந்த மாமாவுக்குச் சோற்றைப் போட்டுவிட்டு, அவர் பிசைவதற்குள் சொல்லிவிட்டாள்.

"கடலை சலிக்கிற சல்லடை பிஞ்சு கெடக்குடா. கழுவையிலதான் பாத்தேன். கம்பியக் காணோம். நேத்து வறுத்த கடலையிலதான் விழுந்திருக்கணும்."

"சூப்பர்வைசர்ட்ட சொன்னியா?"

"சொன்னேன். குப்பையோட போயிருக்கும், வேலையப் பாருன்னுட்டாரு."

"மொதலாளிட்ட?"

"அவரு சென்னை போயிருக்காராம். போன எடுக்கல."

மாமா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், வாயில் வைக்கவில்லை. முந்தின நாள் கடலை அன்று விடியற்காலையிலேயே பாக்கெட்டாகி அவர் வண்டியில்தான் போயிருந்தது. சூப்பர்வைசர் முதலாளியின் மனைவியோடு கூடப் பிறந்தவர். இதெல்லாம் எனக்குப் பின்னால்தான் விளங்கியது.

"எனக்கு வேலை போயிரும்க்கா."

"எனக்கும்தான் போகும். பச்சப்புள்ளைக திங்கிற சாமானுடா அது. எந்திரி."

என்னைத் தனியாக விட்டுப் போக இடமில்லாததால் நானும் வண்டியில் ஏற்றப்பட்டேன். இருவருக்கும் நடுவில் உட்கார வைத்து அம்மா சொன்ன ஒரே வார்த்தை, "எங்க போனோம், என்ன செஞ்சோம்னு யார்ட்டயும் சொல்லப்படாது." திருட்டுக்குப் போகிறவர்கள் இதைத்தானே சொல்வார்கள்?

முதல் கடை ஆவுடையார்கோயில் போகிற வழியில் இருந்தது. மாமா போய், பாகு பதம் மாறிவிட்டது, மாற்றித் தருகிறோம் என்று கடைக்காரரிடம் கூசாமல் பொய் சொன்னார். "ஏப்பா, காலையிலதானே எறக்குன? அதுக்குள்ள என்ன பதம் மாறும்?" என்று கேட்டுக்கொண்டே அவர் பெட்டியை எடுத்துக் கொடுத்தார். அம்மா வண்டிக்குப் பின்னால் நின்று ஒரு பாக்கெட்டைக் கிழித்து, மிட்டாய்களை ஒவ்வொன்றாக ஒடித்து விரலால் தடவிப் பார்த்தாள். நான் கை நீட்டினேன். தட்டிவிட்டாள். அடுத்த பாக்கெட்டைக் கிழித்தாள். பிறகு எதையோ நகத்தால் நெம்பி எடுத்து மாமாவின் உள்ளங்கையில் வைத்தாள். கண்ணிமை மயிர் அளவுக்கு ஒரு கம்பித் துணுக்கு.

அதுவரை வண்டியை மெதுவாக ஓட்டிவந்த மாமா அதற்குப் பிறகு ஓட்டியதை ஓட்டுவது என்று சொல்ல முடியாது. பள்ளம் மேடு பார்க்கவில்லை. அம்மாவின் வலது கால், தன் பக்கமும் ஆக்ஸிலேட்டர் இருப்பதுபோல, தரையை அழுத்திக்கொண்டே வந்தது. கடை வருவதற்கு முன்பே கதவைத் திறந்து வைத்துக்கொள்வாள். வண்டி நிற்பதற்குள் இறங்கிவிடுவாள். எனக்குத் தாகம் என்றால் "இந்தா, வந்துருச்சு" என்பாள். எது வந்துவிட்டது என்று தெரியாது. எதிரே ஒரு போலீஸ் ஜீப் வந்தபோது நான் குனிந்து அம்மாவின் மடிக்குள் தலையைப் புதைத்துக்கொண்டேன். மயக்கம் வருகிறதா என்று கேட்டு என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

மீமிசலுக்குச் சற்று முன்னால் இருந்த கடையில் பெட்டி இல்லை.

"அத முழுசா வித்துட்டேனே. வளைகாப்பு வீட்டுக்காரங்க வாங்கிட்டுப் போயிட்டாங்க, தாம்பூலப் பையில போட்டுக் குடுக்க" என்றார் கடைக்காரர். பிறகு அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, "அந்தா, பாட்டுச் சத்தம் கேக்குது பாருங்க, அங்கிட்டுதான்" என்று கை காட்டினார்.

பந்தல் வாசலிலேயே மேசை போட்டுப் பைகள் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். பாதிக் கூட்டம் சாப்பிட்டு முடித்துப் புறப்பட்டுக்கொண்டிருந்தது. பிள்ளைகள் பையைப் பிரித்துவிட்டிருந்தார்கள். அம்மா முதலில் மேசையருகே நின்ற பெண்ணிடம் சொன்னாள். ஒலிபெருக்கிச் சத்தத்தில் அவளுக்கு ஒன்றும் கேட்கவில்லை. புன்னகைத்து அம்மாவின் கையிலும் ஒரு பையைக் கொடுத்தாள். அம்மா அங்குமிங்கும் பார்த்தாள். ரேடியோ செட் போடுகிறவரிடம் போனாள். என்ன சொன்னாளோ, பாட்டு நின்றது. மைக் அம்மாவின் கையில் இருந்தது.

"கம்பெனி பேரச் சொல்லிறாதக்கா" என்று மாமா பின்னாலிருந்து கெஞ்சினார்.

அம்மா சொன்னாள். பெயரையும் ஊரையும் சேர்த்தே சொன்னாள். "எல்லாரும் மன்னிச்சுக்கங்க. பையில இருக்குற கடலை மிட்டாய யாரும் திங்காதீங்க. உள்ள கம்பி கெடக்கு. புள்ளைக கையில இருந்தா வாங்கிப்போடுங்க. நான் அந்தக் கம்பெனியிலதான் வேல பாக்குறேன்."

ஒரு பெரியவர் வாயில் இருந்ததைத் துப்பினார். பிள்ளைகளின் முதுகில் அறைகள் விழுந்தன, அழுகைகள் கிளம்பின. நல்ல காரியத்தில் வந்து இப்படி அபசகுனமாகப் பேசலாமா என்று வளைகாப்புப் பெண்ணின் தாயார் அம்மாவோடு சண்டைக்கு வந்துவிட்டார். கன்னத்தில் சந்தனமும் கை நிறைய வளையலுமாக நாற்காலியில் இருந்த அந்தப் பெண்தான் எழுந்து, பக்கத்தில் நின்ற ஒரு குழந்தையின் வாய்க்குள் விரலை விட்டு மிட்டாயை எடுத்தாள். பிறகு அம்மாவைப் பார்த்து, "வந்தது வந்துட்டீங்க. ஒரு வாய் சாப்புட்டுப் போங்க" என்றாள்.

அம்மா உட்காரவில்லை. யாரோ என் கையில் ஒரு உருண்டை புளிச்சோறு வைத்தார்கள். பைகளில் இருந்த மிட்டாயை எல்லாம் ஒரு சாக்கில் கொட்டிக் கட்டும் வரை நான் அதைத் தின்றுகொண்டு நின்றேன். எல்லோரும் தாங்களாகவே மிட்டாயைக் கொண்டுவந்து கொடுக்கிறார்களே, அப்படியானால் இது திருட்டு இல்லை போலும் என்று எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது.

அம்மா பேசியதை யாரோ செல்போனில் எடுத்திருந்தார்கள். நாங்கள் வீடு வந்து சேர்வதற்குள் துபாயிலிருந்து அப்பா கூப்பிட்டுவிட்டார். "என்னடி, ஊரு பூரா ஒன்னத்தான் பாத்துக்கிட்டு இருக்கு?" என்றார். அது கோபமா பெருமையா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. அவருக்கே தெரிந்திருக்காது.

மறுநாள் முதலாளியின் கார் எங்கள் தெருவுக்கு வந்தது. பிள்ளைகள் எல்லாம் பின்னாலேயே ஓடிவந்தார்கள். அவர் உட்காரவில்லை.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா. அதுக்குள்ள மைக்குல சொல்லணுமா?"

"ஒங்களுக்குத்தாங்க மொதல்ல போன் போட்டேன். நீங்க எடுக்குற வரைக்கும் புள்ளைக வாய மூடிக்கிட்டு இருக்குமாங்க?"

நாங்கள் கொண்டுவந்து மூலையில் அடுக்கியிருந்த பெட்டிகளை அவர் பார்த்தார். பிறகு காரில் வந்தவர்களைக் கூப்பிட்டு அவற்றை ஏற்றச் சொன்னார். போகும்போது என் தலையைத் தடவி, நன்றாகப் படிக்கிறாயா என்று கேட்டார்.

அதற்குப் பிறகு அவர் செய்ததில் குறை சொல்ல முடியாது. மற்ற ஊர்களுக்குப் போயிருந்த சரக்கையும் திருப்பி எடுத்துக் குழி தோண்டிப் புதைத்தார். கம்பெனியைக் கொஞ்ச நாள் மூடி, சல்லடையை மாற்றி, கம்பியை இழுக்கிற காந்தம் வாங்கி வைத்தார். மக்கள் நலனில் அக்கறை கொண்டவர் என்று ஒரு சங்கத்தில் அவருக்குச் சால்வை போட்டார்கள். மாமாவுக்குச் சரக்குப் போட வேறு லைன் கொடுத்தார். சூப்பர்வைசர் அதே நாற்காலியில் இருந்தார். அம்மாவை மட்டும் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை. சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள்.

அம்மா தினமும் குளித்துத் தலை சீவி, டப்பாவில் சோறு கட்டி வைத்துவிட்டு வாசலுக்கும் அடுப்படிக்கும் நடப்பாள். வேன் வரும். உள்ளே இருக்கும் பெண்கள் எதிர்ப்பக்கம் பார்ப்பார்கள். கம்பெனி மூடிக்கிடந்த நாட்களில் அவர்கள் வீடுகளில் அடுப்பு எரிந்த விதம் அவர்களுக்குத்தான் தெரியும். பக்கத்து வீட்டுப் பெரியம்மா குழாயடியில் அம்மாவின் குடத்தைக் காலால் தள்ளிவிட்டதை நானே பார்த்தேன்.

அந்தப் பெரியம்மாதான் ஒரு நாள் சாயங்காலம் கொல்லைப்புறமாக வந்தார். வாசல் வழியாக வராமல் ஏன் இப்படி வருகிறார் என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஏத்தா, பாகு காச்சுற எடத்துல கரண்டு ஒயரு தோலு உரிஞ்சு தொங்குது. ஈரத்துலதான் நின்னு வேல பாக்குறோம். சொன்னா யாரும் கேக்க மாட்டேங்குறாய்ங்க. பயமாருக்கு."

அம்மா உடனே முதலாளிக்குப் போன் போட்டாள். இந்த முறை அவர் எடுத்தார். "அண்ணே, நான்தான் பேசுறேன்" என்று தொடங்கினாள். மறுநாளே ஒயரை மாற்றிவிட்டார்களாம். அடுத்த வாரம் இன்னொரு அத்தை வந்தார், கழிவறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை என்று. அதற்கடுத்து வேனின் பிரேக். எல்லோரும் கொல்லைப்புறமாகவே வந்தார்கள். குழாயடியில் அப்போதும் அம்மாவோடு யாரும் பேசவில்லை.

அம்மாவுக்குத் திரும்பவும் வேலை கிடைத்துவிட்டது, இனிமேல் வீட்டிலிருந்தே போனில் பார்க்கலாமாம் என்று வகுப்பில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். சம்பளமும் கிடையாது, பேரும் கிடையாது, விட்டுவிடவும் முடியாது என்று ஒரு வேலை உலகத்தில் இருப்பது அப்போது எனக்குத் தெரியாது.