ஒரே வீட்டில் நாற்பத்தொரு பேர்

2021 ஜூன் 24 நிலவரப்படி அமிர்தலிங்கத்தின் குடும்பத்தில் நாற்பத்தொரு பேர். அவருக்கு வயது அறுபத்தொன்று. கல்யாணம் ஆகவில்லை. வீட்டில் இருப்பது ஒரு தட்டு, ஒரு குவளை. ஆனால் உணவுக்கூடை விண்ணப்பங்களை வாங்கிய கணினி அவரைக் குடும்பத் தலைவராக்கி, அவருக்குக் கீழே நாற்பது பேரை வரிசையாக நிறுத்தியிருந்தது. அவரைவிட ஏழு வயது மூத்த முனியாண்டியும் அந்த நாற்பதில் ஒருவர்.

மலேசியாவில், சுவா என்ற சிற்றூருக்கு உள்ளே, ரப்பர் போய் எண்ணெய்க்குச் செம்பனை வந்துவிட்ட ஒரு தோட்டத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளான பழைய லயத்தில் பதினோரு வீடுகள் மிச்சம். அந்த வீடுகளுக்கு என்றைக்குமே எண் கிடையாது. கடிதம் என்றால் தோட்டத்து ஆபீசுக்கு வரும், ஆபீஸ் குமாஸ்தாவான கிராணி பெயரைக் கூப்பிட்டுக் கொடுப்பார். ஆபீஸ் இடிந்து பதினைந்து வருடம் ஆகியும் முகவரி மட்டும் இடியவில்லை. கொரோனா நடமாட்டக் கட்டுப்பாட்டில் வேலை நின்று, அரிசி குறைந்து, உதவிக்கு எழுதிப் போட்டபோது பதினோரு வீட்டுக்காரர்களும் பழக்கத்தில் அதே ஆபீஸ் முகவரியைத்தான் எழுதினார்கள். ஒரே முகவரி, அதனால் ஒரே வீடு. முதலில் எழுதியவர் அமிர்தலிங்கம், அதனால் அவரே தலைவர். நாற்பத்தொரு பேருக்கும் சேர்த்து ஒரு கூடை ஒதுக்கப்பட்டது.

அதிலிருந்து முனியாண்டி அவரைப் பார்க்கும்போதெல்லாம் அப்பா என்று கூப்பிட்டார்.

அமிர்தலிங்கம் தொழிற்சாலை பஸ் ஓட்டுபவர். தொழிற்சாலை மூடியதும் பஸ் லயத்துக்குப் பின்னால், செம்பனை நிழலில் நின்றுவிட்டது. மூன்று வாரத்தில் சக்கரத்தைச் சுற்றிப் புல் ஏறியது. மத்தியானங்களில் அவர் டிரைவர் சீட்டைச் சாய்த்துக்கொண்டு கைப்பேசியில் ஏதாவது பார்ப்பார். அப்படித்தான் ஓர் ஆவணப்படத்தில் அமெரிக்கா வந்து சேர்ந்தது. தொண்ணூறு வருடத்துக்கு முந்தைய அமெரிக்கா. வங்கிகள் பூட்டிக்கிடந்தன. தொப்பி போட்ட ஆண்கள் சூப்புக்காகத் தெரு முனைவரை நின்றார்கள். வயல் மண் காற்றாக எழும்பி ஊரை மூடியது. பிறகு அரசாங்கம் வேலை கொடுத்தது. மரம் நடு, பாலம் கட்டு என்றது. படம் பிடிக்கத் தெரிந்தவனிடம், போய் ஜனங்களைப் பிடித்துக்கொண்டு வா என்றது.

அங்கே கார் விற்காததால் இங்கே ரப்பர் பால்வெட்டு நின்றது என்றும், தோட்டத்து ஆட்களைக் கப்பலேற்றி இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பியதுதான் அன்றைக்கு இந்தப் பக்கத்து நிவாரணம் என்றும் அந்தப் படம் சொல்லவில்லை. அது அமிர்தலிங்கத்துக்கு முன்பே தெரியும். அவருடைய தாத்தா அந்தக் கப்பலில் ஏறி, ஆறு வருடம் கழித்துத் திரும்பி வந்தவர்.

மழை தகரத்தில் தட்ட, கண் சொருகும். சூப்பு வரிசை கைப்பேசியிலிருந்து இறங்கிச் செம்பனை மரங்களுக்கு நடுவே வளைந்து வளைந்து வரும். தொப்பிக்காரர்கள் ஒவ்வொருவராக பஸ்ஸில் ஏறி, ஈரக் கோட்டுகளை மடியில் வைத்துக்கொண்டு, எங்கே போகிறோம் என்று கேட்காமல் உட்காருவார்கள். ஜன்னலோரத்தில் ஒரு பெண், தோளில் இரண்டு பிள்ளைகள், கண் எங்கேயோ தூரத்தில். அமிர்தலிங்கம் சாவியைத் திருப்புவார். பஸ் சத்தமில்லாமல் புல்லின் மேல் மிதக்கும்.

அந்த மிதப்பில் இருக்கும்போதுதான், இது ஒரே வீடில்லை என்று அவர் சொல்லியிருந்ததற்குப் பதிலாக, உதவி மையத்திலிருந்து அதிகாரி அம்மா போனில் கூப்பிட்டார். மலாயில், பொறுமையாகச் சொன்னார். பதினோரு வீடு என்றால் பதினோரு கதவு வேண்டும். ஒவ்வொரு கதவிலும் ஓர் எண், கதவுக்கு முன்னால் அந்த வீட்டுக்காரர்கள், அப்படியே படம் பிடித்து வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் அனுப்பவேண்டும். தவறினால் அந்த ஒரு கூடைதான்.

பஸ்ஸுக்கு அடித்து மிஞ்சிய மஞ்சள் பெயிண்ட் இருந்தது. வெள்ளிக்கிழமை காலை ஒன்றிலிருந்து பதினொன்றுவரை அவரே எழுதினார். எழுதிக்கொண்டே, அரசாங்கத்துக்குப் படம் அனுப்பவேண்டும், எல்லாரும் வாசலுக்கு வாருங்கள் என்று சொன்னார். அங்கேதான் தப்பு நடந்தது. தோட்டத்தில் படம் என்றால் கல்யாணம், திருவிழா, பெரிய துரை வருகை. குளியலறை முன்னால் வரிசை நின்றது. இஸ்திரிப் பெட்டி வீடு வீடாகப் போனது. பன்னிரண்டு மணிக்குப் பதினோரு வாசலிலும் பட்டும் ஜரிகையும், பௌடர் போட்ட பிள்ளைகளும். முனியாண்டி கோட்டு போட்டிருந்தார். எட்டாம் வீட்டுச் செல்லம், ஹோட்டலில் துணி வெளுக்கும் வேலை போனவர், கல்யாணப் பட்டில், கவரிங் நகையில் ஜொலித்தார்.

அமிர்தலிங்கமும் மயங்கிப்போய் எல்லாவற்றையும் படம் பிடித்து அனுப்பிவிட்டார்.

மூன்று மணிக்கு அதிகாரி அம்மா கூப்பிட்டார். கோபம் இல்லை, குழப்பம்தான். இது கல்யாண வீடா என்று கேட்டார். மேலே இருப்பவர்களிடம் இதைக் காட்டினால் யாருக்கு உதவி என்று கேட்பார்கள், வேறு படம் இருக்கிறதா என்றார்.

அவர் செல்லத்தின் வாசலுக்குப் போய் விஷயத்தைச் சொன்னார். அமெரிக்காவில் பிடித்த படங்களைக் கைப்பேசியில் காட்டினார். கிழிசல் கோட்டு, புழுதி படிந்த முகம், தோளில் பிள்ளைகளோடு அந்தப் பெண்.

செல்லம் அந்தப் பெண்ணின் முகத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். "இந்தம்மாகிட்ட, படம் பிடிக்கப்போறோம், வேற துணி மாத்திக்கிறியான்னு யாராச்சும் கேட்டாங்களாண்ணே?"

"தெரியலம்மா."

"கேட்டிருந்தா மாத்தியிருக்கும் லா."

"இப்ப நாம மாத்தணும் செல்லம். பழசு ஏதாச்சும் கட்டிக்க. அஞ்சு நிமிஷம்."

"வீட்ல பழசுதான் கட்டுறேன். அது என் வீடு. கவர்மென்ட் முன்னால கிழிசலோட நிக்கமாட்டேன். அரிசி வேணாம்னு சொல்லலண்ணே. வேணும். ஆனா இப்படியே நின்னுதான் கேப்பேன்."

பக்கத்து வாசல்களில் எல்லாரும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். ஒருவரும் துணி மாற்ற உள்ளே போகவில்லை. அமிர்தலிங்கம் மணி பார்த்தார். மூன்றரை. பெயிண்ட் வாசனையும் பௌடர் வாசனையும் கலந்து அடித்தது. அவர் கடைசியாக வேலைக்குப் போன நாளிலிருந்து இத்தனை பேரை ஒன்றாகப் பார்க்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

செல்லம் உள்ளே போனார். போன வேகத்தில் பிஸ்கட் டின்னோடு வந்தார். அரிசி வைக்கும் டின். மூடியைக் கழற்றி, வாயை கேமராவின் பக்கம் சாய்த்து, இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றார். அடியில் ஒரு கைப்பிடி அரிசி, அவ்வளவுதான். முகத்தில் சிரிப்பும் இல்லை, அழுகையும் இல்லை.

"இப்ப புடிங்க."

அவர் பிடித்தார். முனியாண்டி வீட்டுக்குள் போய், கோட்டோடு ஒரு வெறும் அரிசித் தோம்பைத் தூக்கிக்கொண்டு வந்தார். பிறகு ஒவ்வொரு கதவாகத் திறந்தது. பட்டுச் சேலைகளும் வேட்டிகளும் காலி டின்களைப் பிடித்துக்கொண்டு மஞ்சள் எண்களுக்குக் கீழே நின்றன. அமிர்தலிங்கம் ஒன்றிலிருந்து பதினொன்றுவரை நடந்தார். நடக்க நடக்க அந்த லயம் முடியாமல் நீண்டுகொண்டே போவதுபோல் இருந்தது. பன்னிரண்டு, பதின்மூன்று, நூறு, ஆயிரம். கடைசியில் எங்கோ தொப்பி போட்டவர்களும் நிற்பதுபோல் தோன்றியது. இந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கிறார்கள், ஆனால் கூச்சமில்லாமல்.

நாலே முக்காலுக்குப் படங்கள் போய்ச் சேர்ந்தன. ஐந்து பத்துக்கு அதிகாரி அம்மாவிடமிருந்து பதில் வந்தது. எட்டாம் எண் வீட்டு அம்மாவின் சேலை எந்தக் கடையில் வாங்கியது என்று கேட்டிருந்தார். அதற்குக் கீழே, பதினோரு வீடும் தனித்தனியாகப் பதிவாகிவிட்டது என்று இன்னொரு வரி.

செவ்வாய்க்கிழமை காலை பதினோரு கூடைகளோடு லோரி வந்தது. உள்ளே திருப்ப இடமில்லாததால் பின்பக்கமாகவே வந்து, கடைசி வீட்டிலிருந்து இறக்க ஆரம்பித்தார்கள்.