மூன்று பூட்டும் ஒரு தீவும்

திருப்பூர் காதர்பேட்டையில் மொத்த வியாபாரம் செய்த பாய் ஒருவர் மாதத்துக்கு இரண்டு முறை எங்கள் பனியன் கம்பெனிக்கு வருவார். பனியனை இழுத்துப் பார்ப்பார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார், விலையைக் கேட்டுச் சிரிப்பார், பிறகு ஊர்க்கதை பேசுவார். எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு நாள் அப்படிப் பேசும்போதுதான் தீவைப் பற்றிச் சொன்னார். அவருடைய மனைவி பிறந்த ஊர் மண்டபம். அங்கிருந்து படகில் போனால் முயல் தீவு. வெள்ளை மணல், தென்னை மரங்கள், அடி தெரிகிற தண்ணீர். அவருடைய மச்சானுக்குச் சொந்தப் படகே இருந்தது.

"நாலு நாள் அங்க போயி இருந்தீங்கன்னா இந்த நூலு, மிஷினு, கம்பெனி ஒண்ணுமே ஞாபகத்துக்கு வராதுங்க" என்றார்.

அதை அவர் ஒரு நன்மையாகச் சொன்னார். எனக்கும் என் இரண்டு பங்குதாரர்களுக்கும் அது மிரட்டலாகக் கேட்டது. மதியச் சாப்பாட்டுக் கேரியரோடு வாசலில் நின்றிருந்த என் மனைவிக்கு மட்டும்தான் அவர் சொன்னது சொன்னபடியே போய்ச் சேர்ந்தது.

அன்று மாலை வீட்டில் கேட்டாள்.

"ஏனுங்க, அந்தத் தீவுக்கு ஒருக்கா போலாமுங்களா?"

"அங்க என்ன இருக்குது?"

"கடல் இருக்குதுங்கல்ல. நான் இன்னும் கடல் பார்த்ததில்லீங்க. நாம ரெண்டு பேரு மட்டும் போலாம். வேற யாரும் வேண்டாமுங்க."

திருமணமாகிப் பத்தொன்பது ஆண்டுகளில் அவளை நான் எங்கும் அழைத்துப் போகவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. பழனி, சிவன்மலை, சென்னிமலை, மருதமலை. ஒவ்வொரு முறையும் வண்டி நிறையச் சொந்தக்காரர்கள். இதை அவளுக்கு எடுத்துச் சொன்னேன்.

"எல்லாமே மலைங்க. படியேறியே முட்டி தேஞ்சு போச்சு. ஒரு தடவையாச்சும் சமதரையில எங்கயாச்சும் கூட்டிட்டுப் போங்க."

சரி என்றேன். சரி என்று சொல்வது சுலபமாக இருந்தது.

எங்கள் கம்பெனியில் மூன்று பங்கு. நூல் வாங்குவதை என் மனைவியின் பெரியப்பா மகன் பார்த்துக்கொண்டார். எனக்கு மச்சான் முறை. மிஷின்களை எங்களைவிட இளையவரான ஒருவர் பார்த்துக்கொண்டார். கட்டிங் என் பொறுப்பு. கம்பெனியின் பெயரிலேயே நம்பிக்கை என்ற சொல்லைப் போட்டிருந்தோம். அது போதும் என்று விட்டுவிட்டோம். சரக்கு அறைக்கு மூன்று பூட்டு. ஆளுக்கு ஒரு சாவி. மூவரும் வந்து நின்றால்தான் கதவு திறக்கும். காலையில் கோயில் நடை திறப்பதைப் போல அது தினமும் நடந்தது. ஒருவர் காய்ச்சலில் படுத்தால் மற்ற இருவரும் ஆரஞ்சுப் பழத்தோடு வந்து நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார்கள். தொழிலுக்கு வந்த புதிதில் அதைப் பாசம் என்று நினைத்தேன்.

ஆகவே நான் நாலு நாள் வெளியூர் போகிறேன் என்று சொன்னதும் மச்சான் கேட்ட முதல் கேள்வி, "சாவி?"

"கூடவே இருக்கும்" என்றேன்.

"அப்ப சரக்கு?"

"உள்ளயே இருக்கும்."

மிஷின் பார்ட்னர் சற்று யோசித்துவிட்டு, "ஏனுங்ணா, மூணு பேருமே போயிட்டா என்னங்க?" என்றார். மூவர் முகத்திலும் அப்படி ஒரு நிம்மதி. அந்த நொடியில் என் மனைவியின் இரண்டு பேர் பயணம் ஆறு பேர் பயணமாயிற்று. வீட்டில் சொன்னபோது அவள் தாளித்துக்கொண்டிருந்தாள். கரண்டியை நிறுத்தவில்லை.

"எங்கண்ணனுமா?"

"ஆமா."

"நல்லதுங்க. பழனிக்கும் அவருதான் வந்தாரு."

பிறகு திட்டம் போட உட்கார்ந்தோம். கட்டிங் டேபிள்தான் இடம். முதல் கேள்வி, எப்போது போவது? வெயில் காலத்தில் பனியன் நன்றாக விற்கும், போக முடியாது. அடுத்தது ஓணம், கேரளத்து ஆர்டர். அதற்கடுத்தது தீபாவளி. பிறகு பொங்கல். மழைக்காலத்தில் போகலாமே என்றேன். மழைக்காலத்தில் சலவைப் பட்டறையில் துணி காயாது, சரக்கு வராது, ஆகையால் பக்கத்திலேயே இருந்து திட்ட வேண்டும் என்றார் மச்சான். ஒரு முழு ஆண்டைப் பிரித்துப் பார்த்தோம். மனிதன் ஊரைவிட்டுப் போவதற்கென்று அதில் ஒரு வாரமும் கிடைக்கவில்லை.

அந்த ஆண்டு மழை பொய்த்து அணைகள் வற்றின. மோட்டார் ஓடும் எந்தத் தொழிலுக்கும் தொடர்ந்து ஐந்து நாள் மின்சாரம் கிடையாது என்று அறிவித்தார்கள். ஊரே தலையில் கை வைத்தபோது மச்சான் மட்டும் என்னைத் தனியே அழைத்தார்.

"இப்பப் போனா நட்டமில்லீங்க மாப்ள. இங்க இருந்தாலும் சும்மா, அங்க இருந்தாலும் சும்மா."

ஒரு தீவிடம் இதைவிடக் குறைவாக யாரும் எதிர்பார்த்திருக்க முடியாது.

பாயை அழைத்து விவரம் கேட்டோம். மச்சான்தான் விசாரித்தார்.

"அங்க போயி என்ன பண்றதுங்க?"

"சும்மா உக்காந்திருக்கலாமுங்க. காத்து நல்லா வரும்."

"உக்காந்தாச்சு. அப்பறம்?"

"கடலைப் பார்க்கலாம்."

"பார்த்தாச்சு. அப்பறம்?"

பாய் என்னைப் பார்த்தார். நான் டேபிளைப் பார்த்தேன்.

"கோயில் இருக்குதுங்களா?"

"இல்லீங்க."

"நம்ம சாதி சனம், தெரிஞ்சவங்க ஊடு எதாச்சும்?"

"ஊரே இல்லீங்க. தென்னந்தோப்பும் காவக்காரங்களும்தான்."

"அப்ப அங்க யாருங்க பனியன் போடுவாங்க?"

இந்தக் கேள்விக்குப் பிறகுதான் பயணத்துக்கு ஓர் அர்த்தம் வந்தது. மண்டபத்தில் மீனவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கும் உடம்பு இருக்கிறது. ஒரு பேல், அதாவது ஒரு பெரிய கட்டு, கையில்லாத பனியன் கொண்டுபோவது என்று முடிவாயிற்று. மிஷின் பார்ட்னருக்கு உற்சாகம் தாங்கவில்லை. உப்புத் தண்ணீரில் எங்கள் பனியன் எத்தனை நாள் தாங்கும் என்று பார்த்துவிடலாம் என்றார். இதுவரை கடலை ஒரு சோதனைக் கூடமாக நான் எண்ணியதில்லை.

அடுத்தது சாப்பாடு. அரிசி, பருப்பு, புளிசாதம், எள்ளுருண்டை, இரண்டு ஸ்டவ், மண்ணெண்ணெய். தண்ணீர் சேராது என்று எங்கள் கிணற்றுத் தண்ணீர் இரண்டு டிரம். மச்சான் கடைசியாக ஒரு சாக்கைக் கொண்டுவந்து வைத்தார். பிரித்தால் தேங்காய்.

"மச்சான், அது தென்னந்தோப்புங்க."

"அங்க என்ன விலை சொல்லுவானோ? நம்ம காய் நம்ம காய்தானுங்க."

இவ்வளவும் நடக்கும்போது என் மனைவி எங்களிடம் எதுவும் கேட்கவில்லை. ஒரு நாள் காதர்பேட்டைக்குப் போய்ப் பாயின் மனைவியைப் பார்த்துவிட்டு வந்தாள். அலை வரும்போது எப்படி நிற்க வேண்டும் என்று கேட்டாளாம். பக்கவாட்டில் நின்று காலை அகட்டி வைத்துக்கொள்ள வேண்டும். மணல் காலடியில் நழுவும், பயந்து ஓடக்கூடாது. இதை எனக்கு அடுக்களையில் நின்று செய்து காட்டினாள். அத்தனை நாள் போட்ட திட்டத்தில் கடலுக்கென்று போட்ட திட்டம் அது ஒன்றுதான். பாயின் மனைவியும் பிறந்த வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. எங்களோடு வேனில் வருவதாக ஏற்பாடாயிற்று.

புறப்படுவதற்கு முந்தின நாள் எங்கள் பிள்ளைகளைக் குன்னத்தூரில் என் மாமியாரிடம், அவர்களுடைய அம்மாயி வீட்டில், விட்டோம். மறுநாள், மின்வெட்டு தொடங்க வேண்டிய அன்று, விடிந்ததும் வேன் வந்தது. நாங்கள் மூவரும் முன்னால், நான்கு பெண்களும் பின்னால், அவர்கள் காலடியில் பேல், தலைக்கு மேல் டிரம். மதுரை வழியாக மண்டபம். ஊர் தாண்டியதுமே பெண்கள் பேச ஆரம்பித்துவிட்டார்கள். மிஷின் பார்ட்னரின் மனைவி எதற்கோ வாய்விட்டுச் சிரித்தாள். அவளுக்குச் சிரிக்கத் தெரியும் என்பது அவருக்கே செய்தியாக இருந்ததைப் பார்த்தேன்.

அவிநாசிபாளையத்தில் டீ குடிக்க நிறுத்தினோம். டம்ளரை வாங்கி ஒரு வாய் குடித்த மச்சான் அப்படியே நின்றார்.

"மாப்ள, என்ன சத்தமுங்க அது?"

கேட்டேன். கடைக்குப் பின்னால் மாவு மில். பெல்ட் தட்டுகிற சத்தம்.

மிஷின் பார்ட்னர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு ஓடினார். திரும்பி வந்தவரின் மீசையில் மாவு.

"கரண்ட் வந்துருச்சுங்ணா! காலைலயே வந்துருச்சாம். திருப்பூருக்கும் சேர்த்துத்தானாம். வெட்டு இன்னைக்கு இல்லையாம், தள்ளி வெச்சுட்டாங்களாம்!"

பிள்ளை பிறந்த செய்தியைக்கூட அவர் இத்தனை பதற்றத்தோடு சொன்னதில்லை. மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். மிஷின்கள் நிற்கின்றன. ஆட்கள் வாசலில் வந்து நிற்பார்கள். நூல் உள்ளே இருக்கிறது. மூன்று சாவியும் அவிநாசிபாளையத்தில் டீ குடித்துக்கொண்டிருக்கிறது. மச்சான் வேன் கதவைத் திறந்தார்.

"எல்லாரும் எறங்குங்க. கரண்ட் வந்துருச்சு."

பின்னால் யாரும் அசையவில்லை.

"எதுக்குங்கண்ணா எறங்கோணும்?" என்றாள் என் மனைவி. "எங்களுக்கு எந்த மிஷினுங்க இருக்குது?"

"ஆம்பளைங்க இல்லாம எப்படிம்மா போவீங்க?"

அதற்குப் பாயின் மனைவி பதில் சொன்னார். "ஏங்க, படகு எங்க அண்ணனுது, ஊரு எங்க ஊரு. நீங்க வந்தாலும் நான்தான வழி காட்டணும்?"

மிஷின் பார்ட்னரின் மனைவி மெதுவாக, "கதவைச் சாத்துங்க, குளுரடிக்குது" என்றாள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது.

என் மனைவி என்னைப் பார்த்தாள். "நீங்க வர்றீங்களா?" என்றாள். "சாவிய எங்கண்ணன்கிட்டக் குடுத்துட்டு வாங்க."

மச்சான் என் பக்கம் திரும்பினார். கையை நீட்டவில்லை, நீட்டலாமா என்று பார்ப்பது மட்டும் தெரிந்தது. மிஷின் பார்ட்னர் அவரைப் பார்த்தார். இரண்டு சாவி ஒரே கையில் சேர்ந்தால் என்ன ஆகும் என்று அவர் கண்ணிலேயே எழுதியிருந்தது. நான் என்ன நினைத்தேன் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. "நாளைக்கு பஸ் புடிச்சு வந்தர்றேன்" என்றேன்.

"சரிங்க" என்றாள். பத்தொன்பது ஆண்டுகளாக நான் சொன்ன சரியைப் போலவேதான் இருந்தது அந்தச் சரியும்.

வேன் தாராபுரம் சாலையில் போயிற்று. புளிசாதம், எள்ளுருண்டை, ஸ்டவ், தேங்காய், பேல், எங்கள் மாற்றுத் துணி எல்லாம் அதனுள். நாங்கள் மூவரும் எதிர்ப்பக்கம் வந்த பஸ்ஸில் நின்றுகொண்டே திரும்பினோம். சுற்றுலாவில் நாங்கள் எட்டிய தூரம் ஒரு டீ.

கம்பெனி ஓடியது. அந்த நாட்களில் மூவரும் ஒரே ஓட்டலில், ஒருவர் எழுந்தால் மற்றவரும் எழுந்து, சாப்பிட்டோம். நாளைக்கு வருகிறேன் என்று நான் சொன்ன அந்த நாளை, ஓணம், தீபாவளி, பொங்கல் எல்லாவற்றையும் போலவே, தோதுப்படவில்லை.

நாலு நாளில் வர வேண்டியவர்கள் வரவில்லை. ஐந்தாம் நாள் மாலையில்தான் வேன் வந்தது. என் மனைவி நன்றாகக் கறுத்திருந்தாள். சேலைக் கரையில் மணல். பேல் காலி, நான்கு பெண்களுமாக மண்டபத்திலேயே விற்றுவிட்டார்கள். மச்சான் நினைத்த விலையைவிட நல்ல விலை. அதில் அவருக்கு ஏற்பட்ட வருத்தம் தீர வெகுநாள் ஆயிற்று.

"கடல் எப்படி இருந்துச்சு?" என்று கேட்டேன்.

"பெருசா இருந்துச்சுங்க" என்றாள். அதற்கு மேல் எதையும் எனக்குப் பங்கு வைக்கவில்லை.

"நாலு நாள்னுதான பேச்சு? ஒரு நாள் ஏன் கூட ஆச்சு?"

கொண்டு வந்த சிப்பிகளை ஒவ்வொன்றாகத் தண்ணீரில் போட்டுக் கழுவிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"இருக்கலாமான்னு யாரைக் கேக்கறதுன்னு பார்த்தோமுங்க. அங்க யாரும் இல்லை. அதனால இருந்துட்டோம்."