கொத்தக் கூடாத நிலம்

காரியாபட்டிப் பக்கம் எங்களுக்கு இருந்த கரிசல்காடு இரண்டு வருஷம் மழையில்லாமல் காய்ந்து கிடந்தபோது, விருதுநகருக்கு வெளியே ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் தோட்ட வேலைக்குச் சேர்ந்தேன். ஐம்பதுகளின் நடுவில் அது. எனக்கு முப்பது வயதிருக்கும். படிப்பு ஐந்தாம் வகுப்பு. வேதக்காரர் பள்ளிக்கூடமா என்று மாமனார் முணுமுணுத்தார். வீட்டில் நாலு வயிறு இருந்ததால் அதற்குமேல் பேசவில்லை.

அங்கே வெளிதேசத்துப் பாதிரிமாரின் பிள்ளைகளும் உள்ளூர்ப் பிள்ளைகளும் ஒரே பாயில் உட்கார்ந்திருப்பார்கள். காலை ஜெபம் முடிந்ததும் டீச்சர் வேப்பமரத்தடியில் ஒரு கதைப் புத்தகத்தைச் சத்தமாக வாசிப்பார். வாசித்தபின் கேள்வி கேட்கமாட்டார். ஒரு பிள்ளை எழுந்து, கேட்டதைத் தன் சொல்லில் திருப்பிச் சொல்ல வேண்டும். அது முடிக்கும்வரை யாரும் குறுக்கே பேசக் கூடாது. வாளியோடு அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் நான் நடையைக் குறைத்துக்கொள்வேன்.

இரண்டாம் வாரம், கிணற்றுக்கு மேற்கே ஒரு துண்டு நிலம் கண்ணில் பட்டது. கிணற்றுக் கசிவில் எருக்கு, துத்தி, நெருஞ்சி, கோரை எல்லாம் மண்டிக் கிடந்தன. எங்கள் ஊரில் ஒருவன் நிலத்தில் இப்படிக் களை நின்றால் அவன் வீட்டுக்குப் பெண் கொடுக்க யோசிப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் ஆராதனைக்குப் போயிருந்த நேரம், யாரும் சொல்லாமலே முழுவதையும் கொத்தி வாரி எருக்குழியில் போட்டேன். இடையிடையே குச்சி நட்டுக் கயிறு கட்டியிருந்தது. அதையும் பிடுங்கினேன். அன்று வேதக்காரருக்கு ஓய்வுநாள், வேலையே செய்யக் கூடாது என்பதும் எனக்குத் தெரியாது.

மறுநாள் காலை பிள்ளைகள் நோட்டும் பென்சிலுமாக வந்து அங்கே நின்றார்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் அதில் ஒரு கட்டம் உண்டாம். தானாக முளைப்பதையும், வந்து உட்காரும் பூச்சியையும் வருஷம் முழுக்கப் பார்த்து வரைவதுதான் பாடமாம். டீச்சர் சொல்லித்தான் தெரிந்தது. எம். புதுப்பட்டியிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படித்த ஒன்பது வயதுப் பெண் ஒருத்தி நோட்டை என்னிடம் நீட்டினாள். ஒரு பக்கத்தில் எருக்கிலை, அதில் வரிவரியான புழு. அடுத்த பக்கத்தில் தொங்கும் பச்சைக் கூடு. பட்டாம்பூச்சிக்காக விட்டிருந்த பக்கம் காலியாக இருந்தது.

வேலை போயிற்று என்று நினைத்தேன். தலைமையாசிரியை வந்தார். எங்களுக்கெல்லாம் அவர் மிசியம்மா. வெள்ளைக்கார அம்மா, வேதாகமத்தை வாசித்துத் தமிழ் கற்றவர்.

"நீர் செய்ததை நீரே பிள்ளைகளுக்குச் சொல்லும்" என்றார்.

நாலு பேர் இருந்தால் தண்ணீர் கேட்கக்கூட வாய் வராதவன் நான். மண்வெட்டிக் காம்பைப் பிடித்துக்கொண்டு, தரையைப் பார்த்தே சொன்னேன். கோரை பருத்திக்குரிய ஈரத்தைக் குடிப்பது, நெருஞ்சி மாட்டுக் காலில் ஏறுவது, களையெடுக்காதவன் ஊரில் வாங்கும் பேச்சு. யாரும் குறுக்கிடாததால் எங்கே நிறுத்துவதென்று தெரியவில்லை.

ஒருவழியாக முடித்ததும், வழக்கம்போல ஒரு பிள்ளை எழுந்தான். பாதிரியாரின் மகன், இங்கேயே வளர்ந்தவன். நான் சொன்னதில் ஒன்றைக்கூட விடாமல் சொல்லிவிட்டு, "அண்ணாச்சி நல்ல மனுசர். ஆனா எங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்" என்று முடித்தான். பிள்ளைகள் சிரித்தார்கள். புதுப்பட்டிப் பெண் சிரிக்கவில்லை.

அவளிடம் போய், "எருக்கு வேரு ஆழம், தாயி. நான் மேலாகத்தான் கொத்துனேன். மறுபடி துளுக்கும்" என்றேன்.

"புழு வருமா?"

"எருக்கு வந்தா அதுவும் வரும்."

அதுவரை அந்த நிலத்தைத் தொடாமல் காப்பதே என் முதல் வேலை என்று மிசியம்மா சொல்லிவிட்டார். சம்பளம் வாங்கிக்கொண்டு களைக்குக் காவல் இருந்தவன் எங்கள் வம்சத்தில் நான் ஒருத்தன்தான். கோரை தலைகாட்டிய நாட்களில் கை துடிக்கும். கையைக் கட்டிக்கொண்டு நிற்பேன்.

ஐப்பசி மழைக்கு எருக்கு துளிர்த்தது. கார்த்திகையில் புழு வந்தது. அவள் கட்டத்தின் ஓரத்தில் இன்னொன்றும் முளைத்திருந்தது. சின்ன இலை, நீலப் பூ.

"அண்ணாச்சி, இது என்னது?"

குனிந்து பார்த்தேன். எங்கள் காட்டில் பார்த்ததே இல்லை. "தெரியலையே, தாயி."

அவள் உட்கார்ந்து அதை வரைந்தாள். கீழே ஏதோ எழுதி நோட்டைக் காட்டினாள். எழுத்துக் கூட்டி வாசித்தேன்: 'தோட்டக்கார அண்ணாச்சிக்கும் தெரியவில்லை.' இந்தத் தடவை அவள்தான் முதலில் சிரித்தாள். அப்புறம் இரண்டு பேரும் புத்தக அலமாரிக்குப் போய், செடிகொடிப் படம் போட்ட புத்தகமாகப் பார்த்து இறக்கினோம்.