அம்மன் மாலைக்குப் போன எலுமிச்சை

எலுமிச்சைக் கொழுந்தைப் புரட்டும்போது அதன் மணத்துக்கு நடுவே குப்பென்று ஓர் அழுகல் வாடை எழும். தொட்டால் கோபித்துக்கொண்டு தலையிலிருந்து இரண்டு செம்மஞ்சள் கொம்புகளை நீட்டும் புழுவின் வாடை அது. சோப்புப் போட்டுக் கழுவினாலும் விரலை விட்டுப் போகாது. சிக்கல் என்ற ஊருக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் தோட்டத்தில் நானும் அம்மாவும் வெயில் ஏறுமுன் மரம் மரமாகப் போய், காக்கை எச்சம் போல இலையில் ஒட்டிக்கிடக்கும் குஞ்சுப் புழுக்களையும், பச்சை நிறமாகப் பெருத்துவிட்டவற்றையும் பிடுங்கி மண்ணெண்ணெய் கலந்த தண்ணீரில் போடுவோம். நான் முகம் சுளித்தால், "நீ தொடலைன்னா அது மரத்தையே மொட்டையடிச்சிரும்" என்பாள் அம்மா.

ஒரு வருஷம் ஆடியில் கையால் பிடித்து மாளவில்லை. கொழுந்தெல்லாம் வெறும் காம்பாக நிற்பதைப் பார்த்த அய்யா, எங்கிருந்தோ ஸ்பிரேயர் வாங்கி வந்து தோட்டம் முழுக்க "மருந்து" அடித்தார். முள்ளுப்படலில் சிவப்புத் துணியைக் கட்டிவிட்டு, "நாஞ் சொல்ற வரைக்கும் ஒரு காயையும் தொடப்படாது" என்று எங்களை எச்சரித்தார்.

எச்சரித்தவரே தொட்டார். ஆடி வெள்ளிக்கு ஊர் அம்மனுக்குச் சாத்தும் எலுமிச்சை மாலை எங்கள் தோட்டத்துப் பழத்தில்தான் கட்ட வேண்டும் என்பது வழக்கம். ஒரு வருஷம் தவறினால் அந்த உரிமை வேறு வீட்டுக்குப் போய்விடும். மாலையை யார் தின்னப் போகிறார்கள் என்று நினைத்து, மஞ்சளாகத் தெரிந்ததையெல்லாம் பறித்துக்கொண்டுபோய்க் கோயிலில் கொடுத்துவிட்டார்.

அம்மாவின் தங்கை, என் சித்தி, கல்யாணமாகி வெகுகாலமாகப் பிள்ளையில்லாமல், புருஷன் வீட்டு ஏச்சுக்கு ஆற்றாமல் அப்போது எங்களோடு வந்து தங்கியிருந்தாள். அன்று சாயங்காலம் கோயிலிலிருந்து வந்தவள் முந்தானை முடிச்சை அவிழ்த்துக் காட்டினாள். அம்மன் கழுத்து மாலையிலிருந்து பூசாரி உருவிக் கொடுத்த ஒரு பழம். "விடியக்காலம் வெறும் வயித்துல, கழுவாம, தோலோட திங்கணுமாம்க்கா" என்று அம்மாவிடம் சொன்னபோது அவள் முகம் அத்தனை பூரிப்பாக இருந்தது.

அய்யா தட்டில் போட்ட சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார். சாமி கொடுத்ததைத் தின்னாதே என்று எப்படிச் சொல்வார்? கழுவித் தின்னச் சொன்னால் பலிக்காது என்று சித்தி அழுவாள். மாலைக்குப் போனது மருந்தடித்த பழம் என்று எனக்கும் தெரியும். சொல்லுங்கய்யா, சொல்லுங்கய்யா என்று மனசுக்குள் கெஞ்சிக்கொண்டே படுத்திருந்தேன்.

விடிந்ததும் சித்தி தலைக்குக் குளித்து, ஈரச்சேலையோடு கிழக்கே பார்த்து நின்று, பழத்தை வாய்க்குக் கொண்டுபோனாள். அய்யா பாய்ந்து போய் அவள் கையைப் பிடித்தார். "திங்காத தாயி. மருந்தடிச்ச பழம். நாந்தான் மாலைக்குக் குடுத்தேன்."

சித்தி கையை விடுவித்துக்கொள்ளவில்லை. "அம்மன் கழுத்துல கெடந்தது மச்சான். இன்னுமா அதுல வெசம் இருக்கும்?" என்றாள்.

அய்யா பழத்தைப் பிடுங்கிக் கொல்லையில் ஆழக் குழிதோண்டிப் புதைத்தார். அன்றைக்கே சித்தி பையை எடுத்துக்கொண்டு, புருஷன் வீட்டுக்கே போக, சாயல்குடி பஸ் ஏறினாள். அதற்குப் பிறகு அவள் அய்யாவோடு முகம் கொடுத்துப் பேசியதில்லை.

இப்போது அய்யா இல்லை. தோட்டம் இருந்த இடத்தில் சோலார் பலகைகள் வரிசையாக நிற்கின்றன. அம்மன் மாலைக்கான பழம் மதுரைச் சந்தையிலிருந்து வருகிறது. சித்திக்குக் கடைசிவரை பிள்ளை பிறக்கவில்லை. நான் வேளாண்மை படித்தவள் என்பதால், பார்க்கப் போகும்போதெல்லாம் சோற்றைப் போட்டுக்கொண்டே, என் முகத்தைப் பாராமல் கேட்கிறாள்: "அந்த மருந்து நெசமாவே அம்புட்டுக் கொடிய வெசமா, ஆத்தா?"

அந்த ஒரு பழத்தில் எவ்வளவு ஒட்டியிருந்தது என்று எனக்கும் தெரியாது. ஆனாலும் ஒவ்வொரு முறையும் யோசிக்காமல் சொல்கிறேன்: "ஆமா சித்தி. தின்னிருந்தா நீ இன்னிக்கு எனக்குச் சோறு போட இருந்திருக்க மாட்ட."