சரக்கு மேடையும் தண்ணீர்ப் பந்தலும்

எங்கள் வீட்டு நிலவறையில் ஒரு சில்வர் செம்பு இருக்கிறது. அதன் விளிம்பில் ஒரு நெளிவு. அதற்குக் காரணம் நான்தான். ஒரு தேர்த் திருவிழாவில் அதைத் தவறவிட்டு, அதன் மேலேயே காலை வைத்து, நடுத்தெருவில் உருண்டேன். நான் அங்கப்பிரதட்சணம் தொடங்கிவிட்டதாக நினைத்துச் சனம் பக்தியோடு வழிவிட்டது. எழும்ப வெட்கப்பட்டு இன்னும் ஒரு சுற்று உருண்டேன். அந்தச் செம்பைப் பார்த்தால் இப்போதும் சிரிப்பு வரும். ஆனால் சிரிப்பு முடிகிற இடத்தில் கீழ்வீட்டு அம்மா வந்து நின்றுவிடுவார்.

அவர் ஜெர்மன்காரி. ஜெர்மனியில் நாங்கள் குடியிருக்கும் கட்டடத்தின் தரைத்தளத்தில் தனியே இருந்தார். குப்பையை நான் பிழையான வாளியில் போட்டால் கதவைத் தட்டித் திருத்துவார். என் மனைவி பருத்தித்துறை வடை சுட்டால் அதே கதவைத் தட்டிப் பாராட்டுவார். கோயில் தேருக்கு மட்டும், எத்தனை முறை கூப்பிட்டும் வரமாட்டார். "அந்தத் தெருவுக்கா? வேண்டாம்" என்பார். எங்கள் தவிலுக்குப் பயப்படுகிறார் என்று நினைத்தேன். அதற்கு நானே பயந்தவன் என்பதால் மேலும் கேட்கவில்லை.

கோயில் இருந்தது தொழிற்பேட்டைக்குள், டயர்க் கிடங்குக்குப் பக்கத்தில். தெரு முடிகிற இடத்தில் பழைய சரக்கு மேடை ஒன்றும், புல் மூடிய தண்டவாளமும் கிடந்தன. தேர் வடம் பிடிக்கப் போனால் என் வயிறு முன்னே போய் ஆள் பின்னே நிற்பதால், எனக்குத் தண்ணீர்ப் பந்தல் உத்தியோகம்தான் கிடைத்தது. அண்டாவை வைக்க உயரமான மேடை, மேலே கஸ்தானியா மரத்து நிழல். இடத்தைத் தெரிந்தெடுத்த என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

உலகக் கோப்பைக் கால்பந்து எங்கள் பக்கம் வந்த அந்தக் கோடையில்தான் கீழ்வீட்டு அம்மா வந்தார். நல்ல வெயில். நான் நீட்டிய கோப்பையை வாங்கியவர் குடிக்கவில்லை. வருகிறவர் போகிறவர் எல்லோரும், தமிழரும் துருக்கியரும், காவலுக்கு வந்த பொலிஸ்காரரும், வாங்கிக் குடிப்பதைப் பார்த்தபடி நின்றார். பிறகு செம்பின் மேல் கையை வைத்து, "நான் கொடுக்கட்டுமா?" என்றார்.

பந்தலுக்குப் பொறுப்பு ஓர் அக்கா. வயதில் மூத்தவர்களும் அவரை அக்கா என்றே கூப்பிடுவார்கள். அப்படி ஒரு குரல். "ஐயோ, வந்த மனுசியை வேலை செய்ய விடுறதோ? சனம் என்ன சொல்லும்! தம்பி, கதிரையைப் போடு" என்று செம்பைப் பறித்துவிட்டார். அம்மா மறுபடியும் கேட்டார். "இதற்கு மூன்று வருடத் தொழிற்பயிற்சி வேண்டும், நானே இன்னும் சோதனை பாஸ் பண்ணவில்லை" என்று ஜெர்மனில் பகிடி விட்டேன். அவர் சிரிக்கவில்லை. கதிரையில் இருந்து, வெறுங்கையை மடியில் வைத்துக்கொண்டு மேடையையே பார்த்தார். விருந்தாளியை இருத்திவிட்ட திருப்தியோடு நாங்கள் தண்ணீர் ஊற்றினோம்.

வீடு திரும்புகிற டிராமில்தான் சொன்னார். அவருடைய அப்பா ரயில்வேயில், ரயில்களைத் தடம் மாற்றிவிடுகிறவர். வீடு அந்த மேடைக்கு எதிரே. இரண்டாம் உலக யுத்த காலத்தில் ஒரு கோடை நாள், சரக்குப் பெட்டிகளில் மனிதர்களை அடைத்து வதைமுகாமுக்குக் கொண்டுபோன ரயில் அங்கே நின்றது. மேலே சின்னத் துவாரம், அதில் முள்கம்பி, கம்பிக்குள்ளால் விரல்கள். தண்ணீர், தண்ணீர் என்ற ஒரு சொல்தான் கேட்டதாம். சிறுமியான இவர் முற்றத்துக் குழாயில் ஒரு கோப்பை நிரப்பிக்கொண்டு வாசல்வரை போயிருக்கிறார். அவருடைய அம்மா அதை வாங்கி, சன்னலோரப் பூச்செடிக்கு ஊற்றிவிட்டு, சன்னலைச் சாத்தினார். அப்பா வேலை முடிந்து வந்து வழக்கம்போலச் சாப்பிட்டார்.

"குழாய் அங்கேதான் இருந்தது. நான் இன்னொரு கோப்பை நிரப்பவில்லை" என்றார் கீழ்வீட்டு அம்மா.

அப்போது அவர் குழந்தை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் சன்னலைச் சாத்திய வீடுகளையும் திறந்த வீடுகளையும் கலவர நாட்களில் கொழும்பில் பார்த்துவிட்டுத்தானே நாங்களும் இந்த நாட்டுக்கு வந்தோம்.

விசயத்தை அக்காவிடம் சொன்னேன். அவர் அடுத்த வருடம் கழுவிய செம்பை இன்னொரு முறை கழுவி என்னிடம் தந்து, "மனுசியின்ரை கையிலையே குடு தம்பி. நான் கிட்டவும் வரமாட்டன்" என்றார். அன்று பின்னேரம் முழுக்கக் கீழ்வீட்டு அம்மாதான் ஊற்றினார். ஒரு கோப்பையும் சிந்தவில்லை. "இன்னும் கொஞ்சம் ஊத்துங்கோ அம்மா" என்று பிள்ளைகள் தமிழில் கேட்க, விளங்கியவர்போல ஊற்றினார். பெரிய காரியம் ஒன்றை முடித்துவைத்த பெருமை எனக்கு. கூட்டம் கலைந்ததும், மனது ஆறியதா என்று கேட்டேன்.

செம்பை என்னிடம் தந்தார். "இல்லை. நான் கொடுக்காவிட்டாலும் இவர்கள் குடித்திருப்பார்கள்" என்றார்.

அதன் பிறகு அவர் தேருக்கு வரவில்லை. ஒரு மாரிக் குளிரில் போய்ச் சேர்ந்துவிட்டார். தரைத்தளத்தில் இப்போது ஓர் இளம் தம்பதி. குப்பையைப் பிழையாகப் போட்டாலும் கேட்க ஆளில்லை. ஆடி வந்தால் நிலவறையிலிருந்து செம்பை எடுக்கிறேன். அதே மேடை, அதே மரம், பழைய பகிடிகள். எல்லாம் முடிந்து அண்டாவைக் கழுவும்போது அக்கா வழமைபோலச் சொல்வார்: "மிச்சத்தை மரத்துக்கு ஊத்திப்போட்டு வா தம்பி, நேரம் போட்டுது."

ஓம் அக்கா, வாறன் என்பேன். ஆனால் ஊற்ற ஏலாது. நெளிந்த விளிம்புவரை தண்ணீர் நிற்க, செம்பைப் பிடித்துக்கொண்டு, தெருவில் யாராவது ஒருவர் வரும்வரை அங்கேயே நிற்பேன்.