பிட்ச் இன் என்றால் சனிக்கிழமை

என் மகளுக்கு இப்போது வீட்டிலிருந்தே வேலை. அதாவது அவள் லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருப்பாள், வீடு வேலை செய்யும். நேற்றுக் காலை கூட்டத்தில் யாரோ ஏதோ உதவி கேட்டார்கள் போலிருக்கிறது. "ஹாப்பி டு பிட்ச் இன்!" என்று பல்லெல்லாம் தெரியச் சொன்னாள். உடனே மைக்கை அணைத்துவிட்டு, "அப்பா, இன்னும் கொஞ்சம் உப்புமா" என்றாள். அதற்கப்புறம் மதியம் வரை அவள் எதற்கும் தோள் கொடுத்ததாக எனக்குத் தெரியவில்லை.

அவள் அவசரப்படுத்தியதில் ரவை அடிப்பிடித்துவிட்டது. அந்த வாசனை வந்தால் எனக்கு டெல்லி லோதி ரோடு ஆபீஸ் கேண்டீன் ஞாபகம் வரும். கேண்டீன் ஞாபகம் வந்தால் எங்கள் செக்ஷன் ஆபீசர் சபேசன் பின்னாலேயே வந்துவிடுவார். அழையாமல் வருவது அவர் வழக்கம்தான்.

பிட்ச் இன் என்ற சொல்லை எனக்கு முதலில் சொன்னவரே அவர்தான். விருதுநகரிலிருந்து வந்து வேலையில் சேர்ந்த புதிது. "இந்த சாட்டர்டே நாம எல்லாரும் பிட்ச் இன் பண்ணணும்" என்பதை அவர் முழு ஆங்கிலத்தில் அறிவித்தார். பிட்ச் என்றால் எனக்குத் தெரிந்தது கிரிக்கெட் ஒன்றுதான். வந்த மாதமே ஆபீஸ் டீமில் இடம் கிடைத்துவிட்டதே என்று பூரித்துப்போய் வெள்ளை கேன்வாஸ் ஷூ மாட்டிக்கொண்டு போனேன். இருட்டும்வரை பார்லிமெண்ட் கேள்விக்குப் பதில் டைப் அடித்தோம். ஷூ போன வெண்மையோடேயே வீடு திரும்பியது.

போகப்போக அவருடைய அகராதி எனக்குப் பிடிபட்டது. "லெண்ட் எ ஹேண்ட்" என்று கையைக் கடன் கேட்டால் அன்றைக்கு ஐந்தரை பஸ் போய்விடும். "சிப் இன்" என்றால் அதற்கடுத்த பஸ்ஸும் போய்விடும். "பிட்ச் இன்" என்றால் சனிக்கிழமை போச்சு. "ஆல் ஹேண்ட்ஸ் ஆன் டெக்" என்று, கப்பல் தளத்துக்கு எல்லாரும் ஓடி வாருங்கள் என்கிற மாதிரி முழங்கினாரானால், ஊருக்குப் போக வாங்கியிருந்த லீவு ரத்து. லோதி ரோட்டில் கடல் ஏது, கப்பல் ஏது என்று யாரும் கேட்டதில்லை. பக்கத்து மேஜை பஞ்சாபிக்காரர் மட்டும் என் காதருகே குனிந்து, "சாஹிபோட ஜஹாஸ் என்னிக்காவது கரை சேருமா, பையா?" என்று ஹிந்தியில் கேட்பார். கைகளெல்லாம் எங்களுடையவை, கப்பல் மட்டும் அவருடையது. இதில் கரை சேர அவருக்கென்ன அவசரம்?

சபேசன் கும்பகோணத்துக்காரர். ஆனால் என்னிடம் ஒரு வார்த்தை தமிழ் பேசியதில்லை. சேர்ந்த அன்று நான் ஆசையாக, "சார், நானும் தமிழ்தான்" என்றேன். ஏதோ தொற்று நோயைச் சொல்லிவிட்டதுபோல என்னைப் பார்த்து, "குட்" என்று சொல்லிவிட்டு ஃபைலுக்குத் திரும்பிவிட்டார். ஆறு வருஷம் அதே "குட்"டோடு ஓடியது. வேடிக்கை என்னவென்றால், கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸில் நாங்கள் இருவரும் ஒரே பிளாக். அவர் இரண்டாவது மாடி, நான் தரைத்தளம். படிக்கட்டில் எதிரே வந்தாலும் "குட் ஈவினிங்"தான்.

அவர் ரிடையர் ஆனார். குவார்ட்டர்ஸில் தங்கக் கொடுத்திருந்த அவகாசமும் தீர்ந்துபோய், ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலைக்குள் காலி வீட்டைக் காட்டிச் சாவியை ஒப்படைத்தாக வேண்டும் என்று வந்து நின்றது. தவறினால் பென்ஷன் காகிதம் நகராது. அந்த வாரம் செக்ஷனுக்கே நேரில் வந்து எல்லாரிடமும் சொன்னார். "கவுண்ட் ஆன் அஸ், சார்!" என்று அத்தனை பேரும் எழுந்து நின்று சொன்னார்கள். நல்ல மாணவர்கள். ஞாயிற்றுக்கிழமை ஒருவரும் வரவில்லை.

கீழே டெம்போ நின்றது. ஏற்றுவதுதான் தன் வேலை, மாடியிலிருந்து இறக்குவது பேச்சிலேயே இல்லை என்று டிரைவர் பீடி பற்றவைத்துவிட்டான். கூட வந்த ஒரே கூலியாளும் சபேசனுமாக மற்ற சாமான்களை ஒரு வழியாக இறக்கிவிட்டார்கள். மிஞ்சியது இரும்பு பீரோ. அது முதல் மாடித் திருப்பத்தில் சிக்கிக்கொண்டு மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. நான் வீட்டுக்குள் உட்கார்ந்து அந்தச் சத்தத்தைக் கேட்டபடி டீ குடித்துக்கொண்டிருந்தேன். பொய் சொல்வானேன், டீ அன்று நன்றாக இருந்தது.

என் மனைவி டெல்லி லக்ஷ்மிபாய் நகரில் பிறந்து வளர்ந்தவள். அவள்தான் வந்து நின்றாள்.

"மேல மாமா கஷ்டப்படறார். போய்ப் பாருங்க."

"அவர் கப்பல்ல ஆளுக்கா பஞ்சம்?"

"ஆபீச ஆபீஸ்ல வச்சுக்கோங்க. இது படிக்கட்டு. ஜல்தி எழுந்திருங்க."

நான் எழுந்திருப்பதற்குள் அவளே ஏறிப்போய், "மாமா, நாங்க கை வைக்கட்டுமா?" என்று கணீரென்று கேட்டாள். ஹிந்தியில் உதவிக்கு 'ஹாத் லகாவ்', அதாவது கை வை, என்பார்களே, அதை அப்படியே தமிழாக்கிவிட்டாள். தமிழில் கை வைப்பது என்றால் ஒன்று அடிப்பது, இல்லாவிட்டால் திருடுவது. மேல்படியில் நகைப்பையோடு நின்ற சபேசன் மனைவி பையை மார்போடு அணைத்துக்கொண்டார்.

பின்னாலேயே போய் நின்றேன். கோட்டும் டையுமாகவே பார்த்த மனிதர், கிழிந்த பனியனும் தலையில் துண்டுமாக பீரோவின் மேல்முனையைப் பிடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் பழக்கதோஷம் விடவில்லை. மூச்சிரைக்க, "வுட் யூ மைண்ட் லெண்டிங் எ..." என்று ஆரம்பித்தார். அந்த நேரம் பார்த்துக் கீழே கூலியாளுக்குக் கால் வழுக்கியது. பீரோ சரிந்தது.

"டேய்! புடிடா! விட்றாத, புடிடா!"

பாய்ந்து பிடித்தேன். ஆறு வருஷத்தில் அவர் சொன்னதும் முணுமுணுக்காமல் நான் செய்த முதல் வேலை அது.

அதன்பிறகு அவர் வாயிலிருந்து ஒரு ஆங்கிலச் சொல் வரவில்லை. "தூக்குடா", "சாய்ச்சுப் புடி", "அம்மாடி, நீ தள்ளி நில்லு", "கால்ல போட்டுக்காதடா" என்று கும்பகோணமே படியிறங்கி வந்தது. சுவர்க் காரை பெயர்ந்தது, என் முழங்கைத் தோல் பெயர்ந்தது, பீரோ இறங்கியது. டெம்போவில் ஏற்றிவிட்டு வாசல்படியில் இருவரும் உட்கார்ந்தோம். என் மனைவி கொடுத்த தண்ணீரை மடமடவென்று குடித்தார்.

"எந்த ஊருடா நீ?"

"விருதுநகர் சார்."

"சொல்லவேயில்லையே?"

"நீங்க கேக்கவேயில்லையே, சார்."

சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. என் அடிபட்ட கையைத் திருப்பிப் பார்த்தார். பிடித்த கையை விடாமலே, ஆறு வருஷத்தில் கேட்டிருக்க வேண்டியதையெல்லாம் கேட்டார்: அப்பா இருக்கிறாரா, நிலம் உண்டா, டெல்லிக் குளிர் ஒத்துக்கொண்டதா. சாவி வாங்க ஆள் வந்ததும் எழுந்து போய்விட்டார். எனக்குக் கோபமாக இருந்தது. இத்தனை நல்ல மனிதரை அவரே எங்கேயோ பூட்டி வைத்திருந்தாரே என்று கோபம்.

அந்தப் பிளாக்கை இடித்து அடுக்குமாடி எழுப்பிவிட்டார்கள். இப்போது வீடு மாற்றினால் சீருடை போட்டவர்கள் வந்து பீரோவுக்குப் போர்வை சுற்றி லிஃப்டில் இறக்கிவிடுகிறார்கள். சொந்தக்காரர் செல்போனோடு ஓரமாக நிற்கிறார். சபேசன் போன செய்தியும் செல்போன் குரூப்பில்தான் வந்தது. அதன்கீழே பழைய செக்ஷன் முழுக்க ஆளுக்கு மூன்று ஆங்கில எழுத்து போட்டு அஞ்சலியை முடித்துக்கொண்டது. அவரிடம் பயின்றவர்கள் அல்லவா, அதிகம் உழைக்க மாட்டார்கள்.

எனக்கும் தலை நரைத்துவிட்டது. இந்த டெல்லியில் மரியாதைக்குக் குறைவில்லை. காவல்காரர் முதல் கவுன்சிலர் வரை எல்லாரும் ஜி போட்டே பேசுகிறார்கள். டா போட்டு ஒரு வேலை சொல்லத்தான் யாரும் மிச்சமில்லை.